டெண்டரில் ‘தரப்படுத்தப்பட்ட நெறிமுறை’ என்று எழுதினால் போதுமா? விஎக்ஸ்லான், ஜெனீவ், ஈவிபிஎன்: ஒரு விரிவான பதில்

தம்பி, மற்றவர்களுக்கும் பிடிபட வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலில் ஒரு சர்வர் அறை, மார்த்தாண்டத்தில் ஒரு சர்வர் அறை. சர்வர்களை இணைக்கும் நான்கு லீஃப் ஸ்விட்சுகள், அந்த லீஃபுகளை ஒன்றோடொன்று இணைக்கும் இரண்டு ஸ்பைன் ஸ்விட்சுகள் வாங்க டெண்டர் தயாராகிறது. “தரப்படுத்தப்பட்ட நெட்வொர்க் மெய்நிகராக்க நெறிமுறை மட்டுமே ஏற்கப்படும்” என்று ஒரு வரி சேர்க்கும்படி கொள்முதல் குழு சொல்கிறது. விஎக்ஸ்லான், ஜெனீவ் இரண்டும் ஒரு நெட்வொர்க்கின் பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டின் உறைக்குள் வைத்து அனுப்பும் முறைகள். ஒரு விற்பனையாளர் விஎக்ஸ்லான்தான் தரம் என்கிறார். இன்னொருவர் அது தரமே அல்ல, ஜெனீவ்தான் தரம் என்கிறார். யார் சொல்வது சரி, என்ன எழுதுவது?

ஏட்டளவில் இரண்டாமவர் சொல்வது சரி. ஆனால் அவர் பேச்சைக் கேட்டு அப்படியே எழுதினால் உங்களுக்கு ஸ்விட்ச் கிடைக்காது. இரண்டு ஸ்விட்சுகள் ஒன்றோடொன்று பேசுவது உறையின் பெயரைப் பொறுத்ததல்ல. எந்த முகவரி எந்த ஸ்விட்சுக்குப் பின்னால் இருக்கிறது என்று ஸ்விட்சுகள் பரிமாறிக்கொள்ளும் ஈவிபிஎன் என்ற கண்ட்ரோல் பிளேனில் எந்தெந்தத் தெரிவுகளை இரண்டும் ஒரே மாதிரி எடுத்துக்கொண்டன என்பதில்தான் அது இருக்கிறது. டெண்டரில் எழுத வேண்டியதும் அதைத்தான்.

இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் ஆவண வரிசையில் வெளியாவது ஒவ்வொன்றுக்கும் ஆர்எஃப்சி எண் உண்டு. ஆனால் எண் இருப்பதெல்லாம் தரம் ஆகிவிடாது. தரநிலைத் தடத்தில் வருபவை ஒரு வகை, தகவலுக்காக வெளியிடப்படுபவை ஒரு வகை, சோதனை முயற்சிகள் இன்னொரு வகை. விஎக்ஸ்லானை விவரிக்கும் ஆர்எஃப்சி 7348 ஆகஸ்ட் 2014-ல் வந்தது. அது தகவல் வகை. பணிக்குழு விவாதித்து ஒப்புக்கொண்டதல்ல, தனிச் சமர்ப்பிப்பாக வந்தது. இன்னொரு உறையான என்விஜிஆர்இ-யின் ஆர்எஃப்சி 7637-ம் (செப்டம்பர் 2015) தகவல் வகைதான். ஜெனீவின் ஆர்எஃப்சி 8926 நவம்பர் 2020-ல் தரநிலைத் தடத்தில், முன்மொழியப்பட்ட தரமாக வந்தது. ஆவணத்தின் முதல் பக்கத் தலைப்பிலேயே இந்த வகை அச்சாகியிருக்கும். கொள்முதல் குழுவுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினாலே பாதி வாக்குவாதம் தீர்ந்துவிடும்.

இந்த நிலை வந்ததற்குக் காரணம் காலவரிசை. ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பிரிவுகளாக்கும் 802.1க்யூ விலான் எண்ணுக்கு 12 பிட்தான் இடம். 4096 எண்களில் 0-வும் 4095-ம் ஒதுக்கப்பட்டவை, மிச்சம் 4094. ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கும் மேகக் கணினி நிறுவனங்களுக்கு அது போதவில்லை. மெய்நிகர் இயந்திரங்கள் ஓரிடத்திலிருந்து ஓரிடம் நகர, லேயர்-2 (ஈதர்நெட்) நெட்வொர்க் லேயர்-3-ன் (ஐபி) மேல் நீண்டு போக வேண்டியிருந்தது. 2011-ல் விஎக்ஸ்லான் வரைவு வந்தது. என்விஜிஆர்இ-யும் அதே ஆண்டு வந்தது. டிசிபி போலத் தோன்றும் ஹெடரை, அதாவது பாக்கெட்டின் முன்பகுதித் தகவலை, கொண்ட எஸ்டிடி என்ற உறையும் அடுத்தடுத்துப் புறப்பட்டது. ஐஇடிஎஃப்-ல் என்விஓ3 என்ற பணிக்குழு 2012-ல்தான் அமைந்தது. பிரச்சினையை விவரிக்கும் ஆர்எஃப்சி 7364, கட்டமைப்பைச் சொல்லும் 7365 இரண்டும் அக்டோபர் 2014-ல் வந்தன. கட்டிடக்கலையைச் சொல்லும் 8014 டிசம்பர் 2016-ல் வந்தது. குழு முறையாகப் பேசி முடிப்பதற்குள் விஎக்ஸ்லான் சிப்புகளுக்குள் இறங்கிவிட்டது. சிலிக்கானில் ஒருமுறை ஏறியதை ஆவணம் வந்து இறக்க முடியாது.

எஸ்டிடி-யின் கதை குறுகியது. அன்றைய நெட்வொர்க் கார்டுகளில் டிசிபி தரவைத் துண்டுபோடும் வேலையைக் கணினியிடமிருந்து வாங்கித் தானே செய்யும் ஆஃப்லோடு வசதி இருந்தது; அதைப் பயன்படுத்திக்கொள்ளவே டிசிபி போன்ற ஹெடர். ஆனால் அதில் உண்மையான டிசிபி நிலை கிடையாது, அதனால் வழியில் உள்ள ஃபயர்வால் தூக்கி எறிந்துவிடும். வரைவாகவே காலாவதியாகிவிட்டது. என்விஜிஆர்இ விழுந்ததற்குக் காரணம் இன்னும் எளிது: ஜிஆர்இ-யில் போர்ட் எண் இல்லை. ஸ்பைன் ஸ்விட்ச் பல பாதைகளுக்குச் சுமையைப் பிரிப்பது ஐபி முகவரி, போர்ட் எண் இவற்றின் ஹாஷை (அவற்றிலிருந்து கணக்கிடும் ஓர் எண்ணை) வைத்து. போர்ட் இல்லாவிட்டால் இரண்டு முனைகளுக்கு இடையே ஓடும் அத்தனையும் ஒரே கேபிளில் போய் நெரியும். 32 பிட் கீ புலத்தில் கடைசி 8 பிட்டை ஓட்டத்தைப் பிரிக்க ஒதுக்கினார்கள். அதைப் படித்து ஹாஷ் போடத் தெரிந்த ஸ்விட்சுகளில் மட்டுமே பயன். விண்டோஸ் சர்வர் 2012-ன் மெய்நிகராக்க மென்பொருளான ஹைப்பர்-வி என்விஜிஆர்இ-யைத்தான் கொண்டிருந்தது. 2016 பதிப்பில் விஎக்ஸ்லானும் வந்தது. புதிதாக வாங்குபவர் இவ்விரண்டையும் மறந்துவிடலாம்.

விஎக்ஸ்லான் ஹெடர் 8 பைட். அதில் ஒரு கொடி பிட், 24 பிட் விஎன்ஐ (நெட்வொர்க் பிரிவின் எண்), மீதி முழுதும் ஒதுக்கீடு. 24 பிட் என்றால் 1,67,77,216 பிரிவுகள். வெளியே யுடிபி, சேருமிட போர்ட் 4789. உள்ளே இருக்கும் பாக்கெட்டை ஹாஷ் செய்து மூல போர்ட்டாகப் போடுகிறது. 49152 முதல் 65535 வரை பரிந்துரை. என்விஜிஆர்இ தடுக்கி விழுந்த இடத்தை விஎக்ஸ்லான் தாண்டியது இந்த ஓர் உத்தியால்தான். அதில் இல்லாததையும் பார்த்துக்கொள்ளுங்கள்: பதிப்பு எண் இல்லை, உள்ளே இருப்பது ஈதர்நெட்டா ஐபி-யா என்று சொல்லும் புலம் இல்லை, பராமரிப்புப் பாக்கெட் என்று குறிக்க இடம் இல்லை, கூடுதல் தகவல் வைக்க வழி இல்லை. ஒதுக்கீட்டுப் பிட்டுகளை அனுப்பும்போது பூஜ்யமாக வை, வாங்கும்போது கண்டுகொள்ளாதே என்கிறது ஆர்எஃப்சி. சில நிறுவனங்கள் அதே பிட்டுகளில் பாதுகாப்புக் குழு எண்ணை எழுதுகின்றன. அந்த எண்ணை நம்பிக் கொள்கை வகுத்தால் மறுமுனை வேறு நிறுவனத்தின் ஸ்விட்சாக இருக்கும்போது கொள்கை சத்தமில்லாமல் காணாமல் போகும். பாக்கெட் போய்ச் சேரும், தடை மட்டும் வேலை செய்யாது.

இந்தக் குறைகளை நீக்க என்விஓ3 குழுவின் முன் மூன்று உறைகள் நின்றன: ஜெனீவ், ஜியூஇ, விஎக்ஸ்லான்-ஜிபிஇ. வடிவமைப்புக் குழு ஜெனீவைப் பரிந்துரைத்தது. அந்த ஒப்பீடு பின்னாளில் ஆர்எஃப்சி 9638 ஆக 2024-ல் வெளிவந்தது. ஜெனீவின் அடிப்படை ஹெடரும் 8 பைட்தான், விஎன்ஐ-யும் 24 பிட்தான், போர்ட் 6081. வித்தியாசம் விருப்பப் புலங்களில். வகுப்பு, வகை, நீளம், மதிப்பு என்று அடுக்கி 252 பைட் வரை கூடுதல் தகவல் ஏற்றலாம். ஒரு விருப்பப் புலத்தை ‘முக்கியம்’ என்று குறித்திருந்தால், அதைப் புரிந்துகொள்ளாத முனை பாக்கெட்டைக் கைவிட்டாக வேண்டும்.

மெய்நிகர் இயந்திரங்களுக்கு நெட்வொர்க் அமைக்கும் ஓவிஎன் மென்பொருள் இதை நன்றாகப் பயன்படுத்துகிறது. தருக்க நெட்வொர்க்கின் எண்ணை விஎன்ஐ-யில் வைத்து, எந்த போர்ட்டிலிருந்து வந்தது, எந்த போர்ட்டுக்குப் போகிறது என்பதை 15 பிட், 16 பிட்டாக ஒரே விருப்பப் புலத்தில் ஏற்றுகிறது. அந்தப் புலம் ‘முக்கியம்’ என்று குறிக்கப்பட்டது. இப்போது யோசித்துப் பாருங்கள்: ஓவிஎன்-ம் தரமான ஜெனீவ், வேறொரு நிறுவனத்தின் மென்பொருளும் தரமான ஜெனீவ், இரண்டையும் இணைத்தால் பேசுமா? பேசாது. குளச்சல் ஏலக்கூடத்தில் எல்லாருக்கும் ஒரே அளவுக் கூடை இருந்தாலும், கூடைமேல் கட்டிய அடையாளம் அந்தந்த வியாபாரியின் ஆளுக்கு மட்டுமே தெரிவதைப் போல, ஜெனீவ் கூடையைத்தான் தரப்படுத்தியது, அடையாளத்தை அல்ல. அதனால்தான் ஜெனீவ் பெரும்பாலும் ஒரே மென்பொருள் இரு முனையிலும் இருக்கும் இடங்களில் ஓடுகிறது: மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் ஹைப்பர்வைசர்களுக்கு இடையே, மேகச் சேவையின் லோடு பேலன்சருக்கும் ஃபயர்வாலுக்கும் இடையே. நீளம் மாறும் ஹெடரைப் பிரித்துப் படிப்பது ஸ்விட்ச் சிப்புக்குச் சிரமம் என்பது இன்னொரு காரணம். விருப்பப் புலங்கள் எந்த வரிசையிலும் வரலாம். அவற்றைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் இரு முனையும் கண்ட்ரோல் பிளேனில் முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்ளலாம் என்று ஆர்எஃப்சி விட்டுவிடுகிறது.

எனவே உங்கள் லீஃப் ஸ்விட்சுகளுக்கு உறை விஎக்ஸ்லான்தான். “தரநிலைத் தடத்தில் உள்ள உறை மட்டும்” என்று எழுதினால் சந்தையில் உள்ள நல்ல லீஃப் ஸ்விட்சுகளில் பெரும்பாலானவை வெளியே நிற்கும். குழுவுக்குச் சொல்ல ஒரு நேர்மையான வழி இருக்கிறது. ஈவிபிஎன்-ஐ வரையறுக்கும் ஆர்எஃப்சி 7432 (பிப்ரவரி 2015), அதை டேட்டா சென்டர் மேலடுக்குக்கு ஏற்றிச் சொல்லும் ஆர்எஃப்சி 8365 (மார்ச் 2018) இரண்டும் தரநிலைத் தடத்தில் உள்ளவை. 8365 விஎக்ஸ்லான் உறையை ஏற்று அதன்மேல் எழுதப்பட்டது. ஆகவே “ஆர்எஃப்சி 8365-ன்படி, விஎக்ஸ்லான் உறையுடன் கூடிய ஈவிபிஎன்” என்று எழுதினால் குழு கேட்ட ‘தரப்படுத்தப்பட்ட’ என்பதும் நிறைவேறும், ஸ்விட்சும் கிடைக்கும்.

ஆனால் அந்த ஒரு வரியோடு நிறுத்தாதீர்கள். ஆர்எஃப்சி-யே பல இடங்களில் “இப்படியும் செய்யலாம், அப்படியும் செய்யலாம்” என்று விட்டிருக்கிறது. இரண்டு நிறுவன ஸ்விட்சுகள் முட்டிக்கொள்வது அந்த இடங்களில்தான்.

முதலில் சேவை வகை. ஒரு விலானுக்கு ஒரு ஈவிபிஎன் நிகழ்வு (தனி இன்ஸ்டன்ஸ்) என்பது ஒரு முறை. பல விலான்களை ஒரே நிகழ்வில் அடக்கி, ஈதர்நெட் டேக் எண்ணால் பிரிப்பது இன்னொரு முறை. முதல் முறையில் அந்த டேக் பூஜ்யம். இரண்டாவதில் பூஜ்யமல்லாத எண். ஒரு பக்கம் முதல் முறையும் மறுபக்கம் இரண்டாவதும் இருந்தால் ஈவிபிஎன் தகவலைச் சுமக்கும் பிஜிபி நெறிமுறையின் அமர்வு எழுந்து நிற்கும், ரூட்டுகளும் வந்து சேரும். மேக் (ஈதர்நெட் முகவரி) அட்டவணையில் மட்டும் ஏறாது. புதிதாகக் கட்டுபவர்கள் முதல் முறையையே எழுதுங்கள். அதை எல்லாரும் செய்கிறார்கள்.

அடுத்தது ரூட் டார்கெட், அதாவது எந்த ரூட் எந்த நெட்வொர்க்குக்கு உரியது என்று சொல்லும் குறி. அதைத் தானாக உருவாக்கிக்கொள்ளும் வழியை 8365 சொல்கிறது: பிஜிபி-யில் ஒரு நெட்வொர்க்கை அடையாளப்படுத்தும் ஏஎஸ் எண்ணையும் விஎன்ஐ-யையும் சேர்த்து. இது 2 பைட் ஏஎஸ் எண்ணுக்கு மட்டும் பொருந்தும். 4 பைட் ஏஎஸ் எண் வைத்தால் மிஞ்சும் 2 பைட்டில் 3 பைட் விஎன்ஐ அடங்காது. கையால்தான் எழுத வேண்டும் என்று ஆர்எஃப்சி-யே சொல்கிறது. சில நிறுவனங்கள் அங்கும் தம் வசதிக்கு ஏதோ ஒன்றைத் தானாக இட்டுக்கொள்ளும்; மறுநிறுவனம் வேறு ஒன்றை இடும். லீஃப் ஒவ்வொன்றுக்கும் தனி ஏஎஸ் எண் கொடுத்தால் 2 பைட் எண்ணிலும் இதே சிக்கல்தான், ஏனென்றால் ஏஎஸ் எண் மாறினால் ரூட் டார்கெட்டும் மாறும். இரண்டு நிறுவனச் சரக்கு கலக்கும் இடத்தில் தானியங்கி ரூட் டார்கெட்டை நம்பவே வேண்டாம். ஒரு அட்டவணை போட்டு எல்லாவற்றையும் கையால் எழுதுங்கள்.

மூன்றாவது, உறையிட்ட பாக்கெட்டுகளைச் சுமக்கும் அடித்தள நெட்வொர்க்கின் பிஜிபி அமைப்பு. பெரிய டேட்டா சென்டர்களில் ஒவ்வொரு லீஃபுக்கும் தனி ஏஎஸ் கொடுத்து ஈபிஜிபி (வெவ்வேறு ஏஎஸ்களுக்கு இடையிலான பிஜிபி) ஓட்டும் வழக்கம் ஆர்எஃப்சி 7938-ல் விவரிக்கப்பட்டது. ஈவிபிஎன்-ஐயும் அதே ஈபிஜிபி-யில் ஏற்றினால் ஸ்பைனில் இரண்டு காரியம் தவறாமல் செய்ய வேண்டும். ரூட்டை அடுத்த லீஃபுக்குக் கடத்தும்போது நெக்ஸ்ட்-ஹாப் (பாக்கெட் அடுத்துப் போக வேண்டிய முகவரி) மாறக் கூடாது. மாறினால் லீஃப் தன் டனலை (உறையிட்ட பாக்கெட் போகும் பாதையை) ஸ்பைனை நோக்கி எழுப்பும், ஸ்பைனில் டனல் முனையே இல்லாததால் பாக்கெட் அங்கேயே சாகும். அடுத்தது, தனக்குத் தேவையில்லாத ரூட் டார்கெட் கொண்ட ரூட்டுகளையும் ஸ்பைன் தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டும். சில ஸ்விட்சுகளில் இதற்குத் தனிக் கட்டளை உண்டு, இயல்பாக அது அணைந்தே இருக்கும். உங்களுடையது ஆறே ஸ்விட்ச். அடித்தளத்துக்கு ஓஎஸ்பிஎஃப் என்ற ரூட்டிங் நெறிமுறை, ஈவிபிஎன்-க்கு ஐபிஜிபி (ஒரே ஏஎஸ்-க்குள் ஓடும் பிஜிபி), இரண்டு ஸ்பைனும் ரூட்டுகளை மற்ற லீஃபுகளுக்குக் கடத்தும் ரூட் ரிஃப்ளெக்டர். இந்த இரண்டு தொல்லையும் அங்கே எழவே எழாது.

நான்காவது, ரூட்டிங். ஒரு விஎன்ஐ-யிலிருந்து இன்னொரு விஎன்ஐ-க்குப் போகும் பாக்கெட்டை எங்கே ரூட் செய்வது? ஆர்எஃப்சி 9135 (அக்டோபர் 2021) இரண்டு வழி சொல்கிறது. சமச்சீரற்ற முறையில் நுழையும் லீஃப் மட்டுமே ரூட் செய்யும். அதனால் எல்லா லீஃபிலும் எல்லா விஎன்ஐ-யும் இருந்தாக வேண்டும். சமச்சீர் முறையில் இரு முனையும் ரூட் செய்யும். நடுவே விஆர்எஃப் என்ற தனி ரூட்டிங் அட்டவணைக்கென்று ஒரு லேயர்-3 விஎன்ஐ ஓடும். ஒரு முனைக்கு ஒரு முறையும் மறுமுனைக்கு மற்றதும் மட்டுமே தெரிந்தால் இரண்டும் சேராது. சமச்சீர் முறையை எழுதுங்கள். ஐபி பிரிஃபிக்ஸை (முகவரித் தொகுதியை) சுமக்கும் ஐந்தாம் வகை ரூட்டுக்கு ஆர்எஃப்சி 9136. அதிலும் இடைமுகம் இல்லாத மாதிரி, இடைமுகம் உள்ள மாதிரி என்று பிரிவு இருக்கிறது. இடைமுகம் இல்லாத மாதிரி என்று குறிப்பிட்டே எழுதுங்கள்.

ஐந்தாவது, ஒரு சர்வரை இரண்டு லீஃபில் இணைப்பது. இரண்டு ஸ்விட்சை ஒன்றுபோலக் காட்டும் எம்-லேக் வகைகள் அந்தந்த நிறுவனத்தின் சொந்த ஏற்பாடு. ஜோடி ஸ்விட்ச் இரண்டும் ஒரே நிறுவனத்துடையதாக, பல சமயம் ஒரே மாடலாக இருந்தாக வேண்டும். ஈவிபிஎன்-ன் சொந்த வழி இஎஸ்ஐ என்ற 10 பைட் அடையாளம். எம்பிஎல்எஸ் வகை நெட்வொர்க்கில் இருக்கும் லேபிள் விஎக்ஸ்லானில் இல்லாததால், வந்த பாக்கெட் அதே சர்வருக்கே திரும்பிப் போகாமல் தடுக்க ‘உள்ளூர் முன்னுரிமை’ என்ற விதியை 8365 வைத்திருக்கிறது. இரண்டு லீஃபும் இந்த விதியைச் சரியாகச் செய்யாவிட்டால் பிராட்காஸ்ட் பாக்கெட் இரட்டையாக வந்து விழும். நாளைக்கு ஒரு லீஃப் பழுதாகி அந்த மாடல் சந்தையில் இல்லாமல் போனால் கைகொடுப்பது இஎஸ்ஐ-தான். அதனால் இதையும் கட்டாயமாகக் கேளுங்கள்.

சிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய தலைமுறைச் சிப்புகள் சில விஎக்ஸ்லான் உறையைப் பிரித்துப் பாலம் மட்டும் போடும். பிரித்த பாக்கெட்டை அதே ஓட்டத்தில் ரூட் செய்யத் தெரியாது. பிராட்காமின் ட்ரைடென்ட்-2 அப்படிப்பட்டது. ட்ரைடென்ட்-2 பிளஸ்-ல் அது தீர்ந்தது. பழைய சரக்கில் போர்ட்டைத் தனக்குத்தானே சுற்றிவிட்டு ரூட் செய்வார்கள், அதில் பாதி அலைவரிசை போய்விடும். புதுப்பிக்கப்பட்ட பழைய ஸ்விட்ச் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது விலைப்புள்ளி கொடுத்தால் சிப்பின் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

இனி எம்டியு, அதாவது ஓர் இணைப்பில் போகக்கூடிய மிகப் பெரிய பாக்கெட்டின் அளவு. விஎக்ஸ்லான் புகாரில் பெரும் பங்கு இதுதான். உள்ளே 1500 பைட் ஐபி பாக்கெட் போக வேண்டுமானால் உள் ஈதர்நெட் 14, விஎக்ஸ்லான் 8, யுடிபி 8, வெளி ஐபி 20, மொத்தம் 1550. உள்ளே விலான் டேக்கும் போனால் 1554. வெளியே ஐபிவி6 என்றால் இன்னும் 20 கூடும். டனல் முனை துண்டுபோடக் கூடாது என்பது ஆர்எஃப்சி-யின் விதி. டனல் முனை உள்ளே இருக்கும் இயந்திரத்துக்கு வெறும் லேயர்-2 பாலம் என்பதால் “பாக்கெட் பெரிது, குறைத்து அனுப்பு” என்ற ஐசிஎம்பி எச்சரிக்கையும் அதற்குப் போகாது. பெரிய பாக்கெட் சத்தமில்லாமல் மறையும். அடையாளம் எப்போதும் ஒன்றுதான்: பிங் போகும், எஸ்எஸ்ஹெச் இணைப்பு எழும், ஒரு பெரிய கோப்புறையின் பட்டியலைக் கேட்டதும் திரை உறைந்து நிற்கும். இதை டிஎன்எஸ் கோளாறு, சர்வர் கோளாறு என்று தேடி அலைவார்கள்.

அறைக்குள் எல்லா ஸ்விட்ச் போர்ட்டிலும் 9216 வைத்துவிடுங்கள். கணக்குப் பார்க்கவே வேண்டாம். அடித்தளத்தில் சோதிக்க, லினக்ஸ் பிங்கில் துண்டாக்கத் தடை போட்டு 1522 பைட் தரவு அனுப்புங்கள். ஐசிஎம்பி 8-ம் ஐபி 20-ம் சேர்ந்து சரியாக 1550 ஆகும். ஒவ்வொரு லீஃபின் உள் முகவரியான லூப்பேக்கிலிருந்தும் மற்ற ஒவ்வொரு லீஃபின் லூப்பேக்குக்கும் அனுப்ப வேண்டும், ஒரு ஜோடியோடு விட்டுவிடக் கூடாது. பாதை இரண்டாகப் பிரியும்போது ஒரு கேபிளில் மட்டும் எம்டியு குறைந்திருந்தால் சில இணைப்பு மட்டும் தொங்கும். அதைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். அடித்தளத்தை 1500-க்கு மேல் உயர்த்தவே முடியாத இடத்தில் உள்ளே 1450 வையுங்கள். ஓவிஎன்-ன் ஜெனீவ் என்றால் விருப்பப் புலத்துக்கு இன்னும் 8 பைட் போய் 1442.

இது நாகர்கோவில்–மார்த்தாண்டம் இணைப்பில் நேரடியாக வரும். வாடகை இணைப்பு கொடுப்பவரிடம் வேகத்தை மட்டும் கேட்கிறோம். எம்டியு என்ன என்று எழுத்தில் கேளுங்கள். 1500 என்றால் மேலே சொன்ன கணக்குதான். குறியாக்கத்துக்கு ஐபிசெக் போட்டால் ஐம்பது பைட்டுக்கு மேல் இன்னும் குறையும். தாமதம் ஒரு பொருட்டல்ல: ஏறக்குறைய 30 கிலோமீட்டர், ஃபைபரில் கிலோமீட்டருக்கு 5 மைக்ரோவினாடி வைத்தால் ஒரு வழிக்கு 150 மைக்ரோவினாடி, கேபிள் சுற்றிப் போனாலும் ஒரு மில்லிவினாடிக்குள் முடியும்.

ஆனால் இந்த இரண்டு அறைகளுக்கும் இடையே லேயர்-2-ஐ நீட்டாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் உண்டு. கம்பத்தில் தொங்கும் ஃபைபர்மேல் தென்னை மட்டையோ ரப்பர் மரக்கிளையோ விழுவதும், சாலைப் பணியில் கேபிள் அறுபடுவதும் இங்கே புதிதல்ல. ஒரே விலான் இரண்டு ஊரிலும் இருக்கும்போது இணைப்பு அறுந்தால், ஒரே ஐபி சப்நெட் இரண்டு துண்டாகிறது. கிளஸ்டர் இரண்டு பக்கமும் ‘நான்தான் தலைவன்’ என்று எழுதத் தொடங்கினால் தரவுத்தளம் கெடும். ஒவ்வொரு ஊருக்கும் தனி சப்நெட் வைத்து, நடுவே ஐந்தாம் வகை ரூட் மட்டும் போகட்டும். மறுபக்க இயந்திரம் விழுந்தால் டிஎன்எஸ் மூலமோ பயன்பாட்டு மென்பொருளின் நகலாக்கம் மூலமோ மாறிக்கொள்ளலாம். இணைப்பு விழுந்ததை வேகமாக அறிய பிஎஃப்டி வையுங்கள்; பிஜிபி-யின் சொந்தக் கெடுவை நம்பினால் பல ஸ்விட்சுகளில் 90 அல்லது 180 வினாடி காத்திருக்க வேண்டும்.

சர்வர் பக்கத்தில் வருவது போர்ட் குழப்பம். லினக்ஸ் கர்னலில் விஎக்ஸ்லான் 3.7-ல், 2012 டிசம்பரில் நுழைந்தது. அப்போது 4789 ஒதுக்கப்படவில்லை. 8472-ஐ இயல்பாக வைத்தார்கள், பழைய அமைப்புகள் உடையக் கூடாது என்று இன்றும் அதுவே இயல்பு. சேருமிட போர்ட்டை வெளிப்படையாக எழுதாமல் இடைமுகம் உருவாக்கினால் லினக்ஸ் 8472-ல் பேசும், ஸ்விட்ச் 4789-ல் கேட்கும். இணைப்பு எழுந்திருக்கிறது என்று இரண்டு பக்கமும் காட்டும், ஒன்றும் நடக்காது. கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸ் உலகில், நெட்வொர்க் இணைப்பைத் தரும் மென்பொருள்களில் ஃபிளானலும் சிலியமும் இயல்பாக 8472, காலிகோ 4789. பாக்கெட்டைப் பிடித்துக் காட்டும் டிசிபி-டம்ப், 8472 பாக்கெட்டை ‘ஓடிவி’ என்ற வேறு நெறிமுறையாகக் காட்டும், அதைப் பார்த்து மிரள வேண்டாம், அது விஎக்ஸ்லான்தான். ஸ்விட்சும் 4789, குபர்னெட்டிஸும் 4789 என்றால் மோதல் இல்லை, உறைக்குள் உறையாக இரண்டும் போகும். எம்டியு மட்டும் இரண்டு முறை 50 குறையும்.

ஃபயர்வாலில் விஎக்ஸ்லானைக் கடத்தினால் இரு திசைக்கும் தனித்தனி விதி வேண்டும். போகும்போதும் வரும்போதும் சேருமிட போர்ட் 4789-தான், மூல போர்ட் ஹாஷால் வருவது. திரும்பி வரும் பாக்கெட்டை முன்னர் போனதன் பதிலாக ஃபயர்வால் அடையாளம் காணாது. இதே காரணத்தால் முகவரியை மாற்றும் நேட்டுக்குப் பின்னால் டனல் முனை வைத்தால் ஓடாது.

பாதுகாப்பு என்று விஎக்ஸ்லானிலும் இல்லை, ஜெனீவிலும் இல்லை. அடித்தளத்தில் நுழைந்தவர் யாரானாலும் 4789-க்கு ஒரு பாக்கெட் அனுப்பி, விஎன்ஐ எண்ணை ஊகித்து, உள் நெட்வொர்க்குக்குள் ஃபிரேம் தள்ளலாம். ஆகவே டனல் முனைகளின் லூப்பேக் முகவரிகளைத் தனி வரம்பில் வைத்து, சர்வர் போர்ட்டுகளிலிருந்தும் வெளி இணைப்பிலிருந்தும் அந்த வரம்பின் 4789-க்கு வரும் எதையும் தடுக்கும் அணுகல் பட்டியல் கட்டாயம். ஊர் தாண்டும் இணைப்பில் மேக்செக் அல்லது ஐபிசெக் குறியாக்கம் வையுங்கள்.

இனி டெண்டர் வாசகம். “ஆர்எஃப்சி 7432, 8365-ன்படி ஈவிபிஎன், உறை ஆர்எஃப்சி 7348, யுடிபி போர்ட் 4789, விலான் வாரியான சேவை வகை, கையால் எழுதும் ரூட் டார்கெட், ஆர்எஃப்சி 9135-ன் சமச்சீர் ரூட்டிங், ஆர்எஃப்சி 9136-ன் ஐந்தாம் வகை ரூட், இடைமுகம் இல்லாத மாதிரி, இஎஸ்ஐ மூலம் இரு லீஃப் இணைப்பு, உள்ளூர் முன்னுரிமையுடன், பிராட்காஸ்டுக்கு நுழைமுனை நகலாக்கம், ஒரே ஓட்டத்தில் உறை பிரித்து ரூட் செய்யும் சிப், 9216 எம்டியு, இவற்றுக்கு வேண்டிய உரிமங்கள் விலையில் அடக்கம்.” கடைசித் துண்டை விட்டுவிடாதீர்கள். ஈவிபிஎன் இருக்கிறது என்று காட்டிவிட்டு உரிமத்துக்குத் தனி விலை கேட்பது வழக்கமாக நடக்கிறது. நுழைமுனை நகலாக்கம் என்பது, நுழையும் லீஃபே பிராட்காஸ்டை ஒவ்வொரு முனைக்கும் நகலெடுத்து அனுப்புவது; அதற்கு மாற்றான மல்டிகாஸ்ட் வழியை நான் எழுதவில்லை. ஆறு ஸ்விட்சுக்கு அடித்தளத்தில் பிம் என்ற மல்டிகாஸ்ட் நெறிமுறையை ஓட்டுவது தேவையில்லாத சுமை.

பணம் விடுவிக்கும் முன் ஏற்புச் சோதனை நடத்துங்கள். வேறொரு நிறுவனத்தின் ஸ்விட்ச் கையில் இல்லையென்றால் எஃப்ஆர்ஆர் என்ற இலவச ரூட்டிங் மென்பொருள் ஓடும் ஒரு லினக்ஸ் கணினியையே ஐந்தாவது லீஃபாகச் சேருங்கள். செலவில்லாமல் ‘இன்னொரு நிறுவனம்’ கிடைக்கும். ஸ்பைன் போர்ட்டில் பாக்கெட்டைப் பிடித்துப் பாருங்கள்: வெளி யுடிபி சேருமிடம் 4789, கொடி பைட் பதினாறடி எண்ணில் 08, ஓட்டத்துக்கு ஓட்டம் மூல போர்ட் மாறுகிறதா. மாறவில்லை என்றால் இரண்டு ஸ்பைனில் ஒன்று சும்மா கிடக்கும். பிஜிபி-யில் மேக், ஐபி முகவரிகளைச் சுமக்கும் இரண்டாம் வகை ரூட்டைத் திறந்து ஈதர்நெட் டேக் பூஜ்யமா, உறை வகை 8 என்று வருகிறதா, லேயர்-2, லேயர்-3 விஎன்ஐ இரண்டும் லேபிள் புலங்களில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு மெய்நிகர் இயந்திரத்தை லீஃபுக்கு லீஃப் நகர்த்தி, மேக் நகர்வின் வரிசை எண் ஒவ்வொரு முறையும் ஏறுவதைக் கவனியுங்கள். 180 வினாடிக்குள் 5 முறை நகர்ந்தால் இரட்டை மேக் என்று முடிவுசெய்து எச்சரிப்பது ஆர்எஃப்சி 7432-ன் இயல்பு அளவு. ஆகவே சோதனையை அவசரப்பட்டு ஓட்டினால் ஸ்விட்ச் சரியாக வேலை செய்தும் பிழை போலத் தெரியும். ஒரு ஸ்பைனை மின்சாரத்தோடு அணையுங்கள், பிறகு இரு லீஃபில் இணைத்த சர்வரின் ஒரு கேபிளைப் பிடுங்குங்கள். இரண்டின்போதும் 1400 பைட் பிங்கைத் தொடர்ந்து ஓடவிட்டு எத்தனை விழுகிறது என்று குறித்து, விற்பனையாளரின் பொறியாளரிடம் அந்தத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.